ஏழாவது நாடு

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பந்தியில், ஒரு சிரிப்பிலிருந்து தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தீபாவளி மலர் ஒன்றுக்கு நகைச்சுவைக் கதை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இது அந்தக் கதை இல்லை. அந்தக் கதையைத் தேடிப் போன இடத்தில் அகப்பட்டது.

திருவாரூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பக்கத்து இலையில் அம்ருதா. எனக்கு மருமாள் முறை. சென்னையில் வளர்ந்தவள், அரசியல் எம்.ஏ. படித்தவள். கல்யாணமாகித் தஞ்சாவூர் வந்ததிலிருந்து ஊருக்கு வெளியே ஒரு சர்வதேசப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். பாடத்தின் பெயர் 'ஒப்பீட்டு அரசாங்கமும் அரசியலும்'. அமெரிக்கப் பாடத்திட்டம். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படித்து, பரீட்சையில் ஐந்துக்கு ஐந்து வாங்கினால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மதிப்பு உண்டு.

"ஆறு நாடு மாமா. பிரிட்டன், ரஷ்யா, சீனா, ஈரான், மெக்ஸிகோ, நைஜீரியா. ஆறையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். அதிகாரம் யார் கையில இருக்கு, எப்படி வந்தது, ஜனங்க ஏன் ஒத்துக்கறா."

"நம்ம நாடு?"

"சிலபஸ்ல இல்ல மாமா" என்று ரசத்துக்குக் குழி பறித்தாள்.

பிறகு அவள் சொன்னாள். ஒருநாள் வகுப்பில், அரசுத் தலைவர் வேறு, அரசாங்கத் தலைவர் வேறு என்று விளக்கியிருக்கிறாள். பிரிட்டனில் அரசர் இருக்கிறார், எல்லாம் அவர் பெயரில் நடக்கிறது, ஆனால் நடத்துகிறவர் பிரதமர். புரிந்ததா என்று கேட்டதும் ஒரு பெண் எழுந்து, "புரியுது மிஸ். எங்க வீட்ல அம்மா ராஜா, அப்பா பிரதமர்" என்றாளாம். அந்தப் பெண்ணின் அம்மா ஊராட்சி மன்றத் தலைவர். பெண்களுக்கு ஒதுக்கிய பதவி. நாற்காலி அம்மாவுடையது, உட்காருவது அப்பா.

நான் சிரித்த சிரிப்பில் மோர் புரையேறியது. "இதைக் கதையா எழுதுங்கோளேன் மாமா" என்றாள் அம்ருதா.

2

தொடக்கங்கள்:

'பொன்னி பாயும் தஞ்சைத் தரணியில், கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப்பாய் விரித்தாற்போல்—' (அடித்துவிட்டேன். டெல்டாவைப் பற்றி எழுத உட்காருகிறவன் எவனும் முதலில் பாயைத்தான் விரிக்கிறான். அந்தப் பாயின் அடியில் என்ன கிடக்கிறது என்று தூக்கிப் பார்ப்பதில்லை.)

'உலகத்து அரசாங்கங்கள் இரண்டு வகை. கையெழுத்துப் போடுகிறவரே முடிவெடுப்பது ஒன்று. முடிவெடுத்தவர் இன்னொருவர் கையைப் பிடித்து—' (கட்டுரை. அதுவும் மோசமான கட்டுரை.)

'பிரகதீஸ்வரி எழுந்து நின்றாள்.' (இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.)

3

பிரகதீஸ்வரி எழுந்து நின்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் கெட்டிக்காரி. நெல் விளைகிற குடும்பம். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் நிறைய. அண்ணன் சிங்கப்பூரில். "தங்கச்சியை வெளிநாட்டுல படிக்க வைக்கணும்" என்று அவன் பிடிவாதம் பிடித்து இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். அப்பா துரைக்கண்ணு தினமும் காரில் கொண்டுவந்து விடுவார். மகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார் என்று அம்ருதா சொன்னாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஆளைப் பற்றி எனக்குப் பின்னால் சிக்கல் வரப்போகிறது.

ஆண்டுக் கடைசியில் அம்ருதா ஒரு வேலை கொடுத்தாள். ஓர் அட்டையில் ஆறு நாடுகளையும் பக்கம் பக்கமாக எழுதி, ஏழாவதாக ஒரு பத்தி போடுங்கள், உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஓர் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், பெற்றோர் பார்க்க வருவார்கள், தமிழில் எழுதுங்கள். ஒருவன் கிரிக்கெட் வாரியத்தை எடுத்தான். ஒருத்தி பள்ளிக்கூட விடுதியை. பிரகதீஸ்வரி தன் ஊராட்சியை எடுத்தாள்.

மெக்ஸிகோவில் ஒரு கட்சியே பல காலம் ஆண்டபோது, பதவி முடிகிற அதிபர் விரலால் யாரைக் காட்டுகிறாரோ அவர்தான் அடுத்த அதிபர். ஏழாவது பத்தியில் அதற்கு நேரே: 'அப்பாவின் விரல்.' ஈரானில் யார் தேர்தலில் நிற்கலாம் என்று ஒரு குழு முன்கூட்டியே சலித்தெடுக்கும். அதற்கு நேரே: 'பிள்ளையார் கோயில் வாசலில் உட்காருபவர்கள்.' அரசுத் தலைவர்: 'அம்மா.' அவருடைய அதிகாரம்: 'சடங்கு மட்டும்.' அரசாங்கத் தலைவர்: 'அப்பா.' தேர்தலில் நின்றாரா: 'இல்லை.' மக்கள் ஏன் ஏற்றுக்கொள்கிறார்கள்: 'வேறு மாதிரி பார்த்ததில்லை.'

கண்காட்சிக்கு துரைக்கண்ணு வந்தார். அட்டையை முழுக்கப் படித்தார். அம்ருதா மெல்லப் பக்கத்து அட்டைக்கு நகர்ந்துகொண்டாள். அவரோ வாய்விட்டுச் சிரித்தார். "டீச்சரம்மா, இவ என்னைய பிரதமராவே ஆக்கிப்புட்டா பாருங்க!" அட்டைக்குப் பக்கத்தில் மகளை நிறுத்திப் படம் எடுத்தார். அங்கேயே நின்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

அம்ருதா சொன்ன கதை இவ்வளவுதான். நல்ல கதை. முடிவுக்கு நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. அந்தப் படத்தோடு நிறுத்தியிருந்தால் தீபாவளி மலரில் வந்திருக்கும், நீங்களும் முறுக்கைக் கடித்துக்கொண்டே சிரித்திருப்பீர்கள்.

ஆனால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கதை நடந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிடுவேன். ஊராட்சி அலுவலகத்துக்கு என்ன நிறம், வாசலில் என்ன மரம்—

(பூவரசு.)

4

அந்த ஊருக்குப் போனபோது துரைக்கண்ணு கும்பகோணம் போயிருந்தார். பிரகதீஸ்வரியின் அம்மா சாவித்திரி மட்டும் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். பிறந்த வீடு பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்புக் குடும்பம். பத்தாவது வரை படித்தவர். அம்ருதாவின் மாமா என்றதும் காபி வந்தது. மகள் இப்போது இங்கிலாந்தில் அரசியல் படிக்கிறாள் என்றார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். ராஜா, பிரதமர், அப்பாவின் விரல். சொல்லி முடித்துச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"அந்த அட்டையை நானும் பாத்தேன் சார். போன்லதான். யாரோ எனக்கே அனுப்பிச்சாங்க."

"கோபம் வந்துதா?"

"கோவம் என்ன. உள்ளதைத்தானே எழுதியிருந்தா." காலி டம்ளரை வாங்கிக்கொண்டே, "சடங்குன்னு போட்டிருந்தா. அதான் என்னன்னு கேட்டேன் அவகிட்ட" என்றார்.

அதற்குப் பின் அவர் சொன்னதுதான் கதை. நான் அங்கே போகாமல் இருந்திருக்கலாம்.

பதவி வந்த விதம் ஊருக்கே தெரியும். துரைக்கண்ணு நிற்பதாக இருந்தார். ஒதுக்கீடு பெண்களுக்கு என்று வந்துவிட்டது. மனைவி பெயரில் மனு கொடுத்தார். சுவரொட்டியில் அவர் படம் பெரியது, சாவித்திரியின் படம் ஸ்டாம்ப் அளவு. ஜெயித்த அன்று பூமாலை துரைக்கண்ணுவின் கழுத்தில்தான் விழுந்தது. ஊரில் அவரைத் 'தலைவரே' என்பார்கள். தலைவரான சாவித்திரியைத் 'தலைவர் வீட்டம்மா' என்பார்கள். (இதை நான் கற்பனை செய்திருந்தால், மிகை என்று வெட்டியிருப்பேன்.) ஊராட்சிச் செயலாளர் தீர்மானப் புத்தகத்தைச் சமையலறை வாசல்வரை கொண்டுவருவார். சாவித்திரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். நாலு வருஷம் இப்படித்தான்.

அட்டையைப் பார்த்ததற்கு மறுநாள் மகளிடம் கேட்டிருக்கிறார். அவர் திருப்பிச் சொன்ன விதத்திலேயே எழுதுகிறேன்.

"அந்த ராஜாவுக்கு என்னதாண்டி வேல?"

"சட்டத்துக்கெல்லாம் ஒப்புதல் குடுப்பாரும்மா. அவர் ஒப்புதல் இல்லாம எதுவும் சட்டம் ஆகாது."

"அப்ப பெரிய வேலைதானே."

"இல்லம்மா, எதைக் குடுத்தாலும் ஒத்துக்குவாரு. மறுக்க மாட்டாரு."

"மறுக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கா?"

"எழுதியெல்லாம் வைக்கல. மறுத்ததில்ல. முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"மறுத்தா என்ன ஆகும்?"

பிரகதீஸ்வரி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "தெரியலம்மா, சிலபஸ்ல இல்ல" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

5

ஊரின் தெற்கே காலனித் தெரு.* அந்தத் தெருவுக்கான சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பங்குனி சித்திரையில் செத்தால் பிரச்சினை இல்லை, காய்ந்த வாய்க்காலில் இறங்கி ஏறிவிடலாம். தண்ணீர் வந்தபிறகு செத்தால் பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடக்க வேண்டும். அந்தத் தெருவிலிருந்து வார்டு உறுப்பினராக வந்த மருதையன், கிராம சபை கூடும்போதெல்லாம் ஒரு நடைபாலம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவழியாக அதற்கு நிதியும் வந்தது.

(* அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. நல்ல விஷயம். சொல்லை எடுப்பதற்குச் சிமெண்ட் வேண்டாம்.)

துரைக்கண்ணு அந்த நிதியை வேறொன்றுக்குத் திருப்ப நினைத்தார். வயல்வெளியிலிருந்து நெல் கொள்முதல் நிலையத்துக்கு நேராக ஒரு சிமெண்ட் சாலை. உறுப்பினர்களில் பெரும்பாலோரைச் சரிக்கட்டிவிட்டார். தீர்மானத்தைச் செயலாளர் எழுதி முடித்து வழக்கம்போலச் சமையலறை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

சாவித்திரி வாசித்தார். அதுவே புதிது. அதுவரை வாசித்ததில்லை.

"பாலம்னுதானே இருந்துச்சு?"

"தலைவர் மாத்தச் சொன்னாருங்கம்மா."

"தலைவர் யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

செயலாளர் புத்தகத்தை இன்னொரு தடவை அவர் பக்கம் நீட்டினாராம்.

"கையெழுத்துப் போடலன்னு சொல்லுங்க. எடுத்துட்டுப் போங்க."

இந்த இடத்தில் நான் சாவித்திரியை ஒரு வீராங்கனையாக்கப் பார்த்தேன். ஒரு பத்தி எழுதினேன். கண்ணில் கனல், அடுப்பில் கனல். அவரிடமே கேட்டேன், அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று.

"பயம்தான் சார். குழம்புல உப்பு ரெண்டு தடவ போட்டுட்டேன்."

கனல்களை அடித்துவிட்டேன்.

6

இப்போது துரைக்கண்ணு.

முதல் பிரதியில் அவருக்கு ஒரு மீசை வைத்திருந்தேன். இரண்டாவது பிரதியில் ஒரு அறை, மனைவியின் கன்னத்தில். இரண்டையும் எடுத்துவிட்டேன். மீசை இல்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் எனக்கு வேலை எளிதாக இருந்திருக்கும். உங்களுக்கும்.

அவர் கேட்ட சாலையும் அநியாயமானதில்லை. முந்தின வருஷம் அறுப்பு நேரத்தில் பெய்த மழையில், சேற்றில் டிராக்டர் இறங்காமல், களத்திலேயே நெல் முளைத்தது. அவர் நெல் மட்டுமில்லை, எல்லாருடையதும். "உசுரோட இருக்கறவன் சோத்துக்கு வழி பண்ணாம, செத்தவன் போறதுக்கு வழி பண்ணச் சொல்றியா?" என்று அவர் மனைவியிடம் கேட்டபோது, அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாலை அவருடைய குத்தகை வயல்களை ஒட்டித்தான் போகிறது என்பது இரண்டாவது விஷயம். அதை அவர் மறைக்கவும் இல்லை.

"நாலு வருசமா போட்டியே, அப்பல்லாம் என்ன படிச்சுப் பாத்தா போட்ட?"

"படிக்கலதான். இப்பப் படிச்சேன்."

"யாரு சொல்லிக்குடுத்தா?"



செய்தி ஊருக்குள் பரவியது. தலைவர் வீட்டம்மாவுக்கு யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள் என்றார்கள். திருப்பனந்தாளில் கட்டிக்கொடுத்திருந்த நாத்தனார் வண்டி பிடித்து வந்து, விபூதி பூசிவிட்டுப் போனார். பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து இரண்டு பேர் வந்து, "ஊர்ல ஒரு மரியாதை இருக்கும்மா" என்றார்கள். யாருடைய மரியாதை என்று சொல்லவில்லை.

காலனித் தெருவிலிருந்து மருதையன் மட்டும் வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலில் நின்றபடி, "தலைவரம்மா" என்றார்.

முதல் தடவை.

"தலைவரம்மா, நீங்க உறுதியா இருந்தீங்கன்னா நாங்க கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் வருவோம். பாதியில விட்டுட்டீங்கன்னா எங்களுக்குத்தான் அடி. அதைமட்டும் நெனச்சுக்கங்க."

"விடமாட்டேன்" என்றிருக்கிறார் சாவித்திரி.

இதை என்னிடம் சொன்னபோது அவர் எழுந்துபோய்க் காபி டம்ளரைக் கழுவினார். அது ஏற்கெனவே கழுவியிருந்தது.

(அம்ருதாவின் பாடத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. ஆளப்படுகிறவர்கள் ஆளுகிறவரை மனத்தால் ஒப்புக்கொள்வது. 'ஏற்புடைமை' என்று தமிழில் சொல்கிறார்களாம். தேர்தலால் வரலாம், பரம்பரையால் வரலாம், மதத்தால் வரலாம். வாசலில் நின்று ஒருவர் கூப்பிடுகிற ஒரு சொல்லாலும் வரலாம் என்று அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். "பரீட்சைக்கு வராது மாமா" என்றாள்.)

7

இதுதான் எனக்கு வராத பகுதி.

துரைக்கண்ணு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள். இங்கிலாந்தில் இடம் கிடைத்துவிட்டது. படிப்புச் செலவுக்குத் தான் பொறுப்பு என்று அப்பா ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதைப் பற்றி அவள் நினைவூட்டியிருக்கிறாள்.

"போடுறேன்டா. உங்கம்மா அதுல போடட்டும், நான் இதுல போடுறேன்."

குரல் உயரவில்லை. மகள் தட்டில் இருந்த அப்பளத்தை உடைத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டே சொன்னாராம். சாவித்திரி அப்போது அவருக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். மனைவி அந்த அறையிலேயே இல்லை என்பதுபோலத் துரைக்கண்ணு சொன்னார்.

கையெழுத்துக்குக் கையெழுத்து. இந்தப் பொருத்தத்தை நான் உண்டாக்கவில்லை. நான் உண்டாக்கியிருந்தால் இவ்வளவு கச்சிதமாக வைத்திருக்க மாட்டேன்.

மறுநாள் மத்தியானம், பிரகதீஸ்வரி தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். செயலாளர் வரவில்லை. மகள்தான் கொண்டுபோனாள். அங்கே அவள் என்ன பேசியிருப்பாள்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) "அம்மா, அதிகாரம் ஒரே நாள்ல மாறாதும்மா. எந்த நாட்லயும் மாறினதில்ல. இப்ப விட்டுக்குடுத்துட்டு, நான் படிச்சுட்டு வந்து—" (வகுப்பறை நெடி. அதோடு அவள் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்கே தெரியும்.)

ஆ) "எனக்கு வேற வழி இல்லம்மா. நான் இங்கேருந்து போகணும்மா. இதை விட்டா—" என்று அழுகிறாள். (அழவைப்பது சுலபம். அழுதுவிட்டால் மன்னித்துவிடுவீர்கள்.)

இ) "நாலு வருஷமா கண்ண மூடிக்கிட்டுப் போட்ட. என் நேரம் பாத்துதான் உனக்கு நீ தலைவர்னு ஞாபகம் வந்துச்சா?" (மூன்றில் இதுதான் எனக்குப் பிடித்தது. அதில் ரத்தம் இருந்தது. இதையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தேன்.)

இன்னொரு முறை ஊருக்குப் போய் மூன்றையும் சாவித்திரிக்கு வாசித்துக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணும் இல்ல சார்."

"என்னதான் சொன்னா?"

"'அம்மா'ன்னா."

"அப்புறம்?"

"அவ்ளோதான். வேற ஒண்ணும் பேசல. புத்தகத்தைப் பிரிச்சு மேடையில வச்சா. பேனா மூடியத் தொறந்து கையில குடுத்தா."

அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூடியத் தொறந்து குடுத்தா சார். அதுதான் எனக்கு இன்னிக்கும்—"

இந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

நான் கேட்டேன், "ஏன் போட்டீங்க?"

"இவ போகலேன்னா, இவளும் ஒருநாள் இதேமாதிரி எவனுக்காவது கையெழுத்துப் போட்டுக்கிட்டு நிப்பா. அவ போகட்டும்னுதான் போட்டேன்."

8

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

துரைக்கண்ணு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவர். பிரகதீஸ்வரி பரீட்சையில் ஐந்துக்கு ஐந்து வாங்கினாள். பள்ளிக்கூட வாசலில் வைத்த பேனரில் அவள் படம் இருந்தது. விமான நிலையத்தில் அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார் என்றும் அம்மா அழவில்லை என்றும் அம்ருதா சொன்னாள். அவளும் வழியனுப்பப் போயிருந்தாள். "அந்தம்மா கொஞ்சம் கல் நெஞ்சு போல மாமா" என்றாள். மீதிக் கதை அப்போது அவளுக்குத் தெரியாது. நான் சொன்னபிறகு, "நான் அவளுக்கு நன்னாத்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றாள். உண்மைதான். நன்றாகச் சொல்லிக்கொடுத்ததால்தான் இவ்வளவும்.

சிமெண்ட் சாலை வந்தது. நல்ல சாலை. அதில்தான் நான் நடந்துபோனேன்.

அந்த ஐப்பசியில் மருதையனின் தாயார் இறந்துபோனார். விடாத மழை. வாய்க்கால் கரை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் கூப்பிடாமல் சாவித்திரி குடையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். துரைக்கண்ணு தடுக்கவில்லை, அவரே ஒரு மாலை வாங்கிக் கொடுத்தனுப்பினார். பாடை வாய்க்காலில் இறங்கியது. நாலு பேர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் நழுவ, பாடை ஒரு பக்கம் சாய்ந்து, துணியின் ஒரு முனை தண்ணீரில் இழுபட்டது. கரையில் நின்ற பெண்கள் ஓவென்று கத்தினார்கள். மருதையன் ஒரு கையால் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டார். எப்படியோ கரையேறினார்கள்.

கொள்ளி வைத்துவிட்டுத் திரும்ப இந்தப் பக்கம் ஏறியபோது சாவித்திரி இன்னும் அங்கேயே நின்றிருந்தார். மருதையன் இடுப்புவரை சேறு. ஏதாவது சொல்வார், திட்டுவார் என்று சாவித்திரி எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"தள்ளி நில்லுங்க, தலைவர் வீட்டம்மா. சேறு படும்" என்றார் மருதையன்.

9

முடிவுகள்.

ஒன்று: சாவித்திரி கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மகள் கையிலிருந்து வாங்கி, மூடியைப் போட்டு, திருப்பிக் கொடுக்கிறார். மகள் அழுகிறாள், அதே நேரம் அவளுக்கு அம்மாவைப் பார்த்து—

இரண்டு: பிரகதீஸ்வரி படித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறாள். அடுத்த தேர்தலில் தானே நிற்கிறாள். முதல் தீர்மானமாக—

முதல் முடிவை எழுதி முடித்து, அதையே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். கதை என்னுடையதுதானே? நடந்ததை மாற்ற முடியாது, எழுதுவதையாவது மாற்றலாம். சாவித்திரியிடம் சொன்னேன்: "நீங்க கையெழுத்துப் போடலைன்னு எழுதிடறேன். படிக்கிறவங்களுக்கு ஒரு தைரியமா இருக்கும்."

அவர் யோசித்தார். முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்துபோனது. ஆசை என்றுதான் நினைக்கிறேன்.

"வேண்டாம் சார். போட்டேன்னே எழுதுங்க."

"ஏன்?"

"போடலன்னு எழுதினா, அப்ப பாலம் எங்கன்னு கேப்பாங்கள்ல?"

இரண்டாவது முடிவுக்காகப் பிரகதீஸ்வரிக்கே பிரதியை அனுப்பினேன். அவள் தரப்பு என்று ஒன்று இருக்கும். அதை அவள் சொன்னால் அப்படியே சேர்த்துக்கொள்வதாக எழுதினேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'நல்லா இருக்கு அங்கிள். ஊர் பேரை மட்டும் எடுத்துடுங்க ப்ளீஸ்.'

எடுத்துவிட்டேன். மேலே போய்ப் பாருங்கள், எங்கும் இருக்காது.

ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, இப்போது தனி அலுவலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். சாவித்திரி தலைவர் இல்லை. துரைக்கண்ணுவை மட்டும் இன்னும் எல்லாரும் தலைவரே என்கிறார்கள். அடுத்த தேர்தலில் நிற்பீர்களா என்று சாவித்திரியிடம் நான் கேட்கவில்லை. நிற்பேன் என்றாலும் நிற்கமாட்டேன் என்றாலும் இந்தக் கதைக்கு அது ஒரு முடிவாகிவிடும். இதற்கு ஒரு முடிவைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க எனக்கு இஷ்டமில்லை.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஊர் பெயர் இல்லாததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் தஞ்சாவூரிலிருந்து எந்தப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸிலாவது ஏறுங்கள். உங்களுக்குத் தோன்றுகிற ஊரில் இறங்குங்கள். தெற்குத் தெருக்காரர்கள் செத்தால் எந்த வழியாகக் கொண்டுபோகிறார்கள் என்று டீக்கடையில் கேளுங்கள். யாராவது கையை நீட்டிக் காட்டுவார்கள். அவர்கள் காட்டுகிற பக்கம் நடந்துபோய்ப் பாருங்கள்.